சத்தம் வரும் இடமும் கேட்கும் இடமும்

மூன்று வாரமாக என் சைக்கிளில் ஒரு சத்தம். வலது காலை அழுத்தும்போதெல்லாம் ‘கிரக்’ என்று வரும். சமதரையில் மெதுவாகப் போனால் கேட்காது. முட்டுக்காடு பாலத்தில் ஏறும்போது கொஞ்சம் அழுத்தி மிதித்தால் வந்துவிடும். விடியற்காலையில், வண்டிகள் அதிகம் வராத நேரத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் அப்படி ஒரு சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். கடலையும் பார்க்க முடியாது, காற்றையும் அனுபவிக்க முடியாது. மனசு முழுக்க அந்தக் ‘கிரக்’கிலேயே கிடக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் திருவான்மியூரில் சேர்ந்து கோவளம் வரை போய்வருவோம். சில வாரம் மாமல்லபுரம். கோவளத்தில் டீ. அந்த டீ அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் என்று நீண்டுவிடும், ஏனென்றால் பேச்சு எப்போதும் ரிப்பேரில் போய் நிற்கும். யார் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார்கள் என்பது ஐந்து நிமிடத்தில் பேசி முடிந்துவிடும். யார் வீட்டில் எதைக் கழற்றினார்கள் என்பதற்கு முடிவே கிடையாது. சைக்கிளில் தொடங்கும், காருக்குப் போகும், மறுபடி சைக்கிளுக்கு வரும். எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடிக்கும். அதற்காகவே ஞாயிறு காலை நாலரைக்கு எழுந்திருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

அன்றைக்கு என் சத்தத்தைப் பற்றிப் பேச்சு.

“பாட்டம் பிராக்கெட்தான் அக்கா, சந்தேகமே வேண்டாம்” என்றான் தரமணியில் வேலை பார்க்கும் தம்பி. பெடல் தண்டு சுழலும் அந்தப் பாகத்தை முந்தைய வாரமே மாற்றியாகிவிட்டது, சத்தம் அப்படியே இருக்கிறது என்றேன்.

“அப்ப பெடலைக் கழட்டி கிரீஸ் வெச்சுப் பாருங்க மேடம். மரை காஞ்சு போனாலும் இப்படித்தான் கத்தும்” என்றார் வங்கிக்காரர்.

எங்களில் மூத்தவர், ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலை செய்து ஓய்வுபெற்றவர். எல்லோருக்கும் அவர் ‘சார்’. டீயைக் குடித்து முடிக்கும்வரை அவர் எதுவும் சொல்லவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “உட்கார்ந்து மிதிக்கும்போது மட்டும் வருதா, எழுந்து நின்னு மிதிச்சாலும் வருதாம்மா?”

மூன்று வாரத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

திரும்பி வரும்போது பாலத்தில் எழுந்து நின்று மிதித்தேன். சத்தமே இல்லை. உட்கார்ந்தேன், ‘கிரக்’. மறுபடி எழுந்தேன், இல்லை. வீட்டுக்கு வந்ததும் சீட் போஸ்டை உருவினேன். அலுமினியக் குழாயைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது, கூடவே நைசான கடல் மணல். துணியால் துடைத்து, சீட்டைப் பிடிக்கும் கிளாம்பையும் கழற்றித் துடைத்து, மெல்லிசாக கிரீஸ் தடவி இறுக்கினேன். பத்து நிமிட வேலை. சத்தம் போயே போய்விட்டது. (கார்பன் போஸ்ட் வைத்திருப்பவர்கள் கிரீஸ் தடவ வேண்டாம், வழுக்கி இறங்கிவிடும். அதற்கென்று மணல் போலச் சொரசொரப்பான ஒரு பேஸ்ட் கிடைக்கிறது.)

அடுத்த வாரம் சார் காரணம் சொன்னார். சைக்கிள் ஃபிரேம் உள்ளே வெறும் குழாய். ஒரு மூலையில் உண்டாகிற சத்தம் குழாய் வழியாக ஓடி வேறொரு மூலையில் கேட்கும். வீணைக்குக் குடம் இருப்பது போல என்றார். உட்காரும் இடத்தில் பிறந்த சத்தம் காலடியில் பிறந்தது போலக் கேட்டது அதனால்தான். வலது காலை அழுத்தும்போது இடுப்பும் ஒரு பக்கம் சாய்கிறது, சீட்டும் மயிரிழை அசைகிறது. காதை மட்டும் நம்பினால் போதாது, ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும். மிதிப்பதை நிறுத்தினால் நிற்கிறதா? எழுந்தால் நிற்கிறதா? ஹேண்டிலிலிருந்து கையை எடுத்தால்? ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார், இரண்டை மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது என்பார்.

இந்தப் பாடம் காருக்கு அப்படியே பொருந்தியதைப் பார்த்தபோதுதான் எனக்குப் புல்லரித்தது. கொஞ்ச நாளிலேயே தரமணித் தம்பி தன் காரில் சத்தம் என்று புலம்பினான். “எப்ப வருது?” என்று ஏழு பேரும் ஒன்றாகக் கேட்டோம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்திவிட்டு அடங்கினால் பெரும்பாலும் பெல்ட். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்றால் முன்சக்கரத்து டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போயிருக்கும். ஓடும்போது ஊசியால் தகரத்தைக் கீறுவது போல விடாமல் கத்தினால் பிரேக் பேட். பேட் தேய்ந்து முடியப்போகிறது என்று சொல்வதற்காகவே பல கார்களில் ஒரு சின்ன உலோக நாக்கு வைத்திருக்கிறார்கள், அது டிஸ்க்கில் உரசும். தம்பியின் கார் சொன்னது அதைத்தான். எட்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததாம். பாட்டுச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.

“நானே மாத்திடட்டுமா சார்? நாலு வீடியோ பார்த்துட்டேன்” என்றான்.

“சைக்கிளுக்கு எத்தனை தடவை பேட் மாத்தியிருக்கே?”

“அஞ்சாறு தடவை.”

“கார்ல இதான் முதல் தடவையா? அப்ப கடையில மாத்தச் சொல்லி பக்கத்துல நின்னு பாரு. அடுத்த தடவை நான் வரேன், ரெண்டு பேரும் சேர்ந்து செய்யலாம். ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில தலையையோ கையையோ நீட்டாதே. சைக்கிள் சாஞ்சா முழங்கால்ல சிராய்ப்பு. கார் சாஞ்சா அவ்ளோதான்.”

சார் குரல் உயர்த்தி நாங்கள் கேட்டது அந்த ஒரு முறைதான்.

நானும் அதே கட்சி. வீட்டில் கார் வேலை என்றால் எனக்கென்று ஒரு கோடு உண்டு. ஏர் ஃபில்டர், வைப்பர், பல்பு, பேட்டரி, ஆயில் அளவு, டயர் காற்று, ஸ்டெப்னி மாற்றுவது இவையெல்லாம் என் கை வேலை. பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக் பக்கம் போக மாட்டேன். சைக்கிளில் அந்தக் கோடு இல்லை. எல்லாமே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வெளியில் இருக்கிறது. செயினும் பல்சக்கரமும் பேரிங்கும் பிரேக்கும் மூடியில்லாமல் நம் முன்னால் ஓடுகின்றன. காரில் அதே பொருட்கள் மூடிக்குள்ளே, சூட்டுக்குள்ளே, பெரிய எடைக்கு அடியிலே. முதலில் சைக்கிளில் கை பழகினவர்கள் காரின் பானெட்டைத் திறக்கும்போது அந்நியமாக உணர்வதில்லை என்பது என் அனுபவம்.

வரலாறும் அப்படித்தான் போயிருக்கிறது. 1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற முதல் மோட்டார் வண்டிக்கு மூன்று சக்கரம், சைக்கிள் போலவே கம்பிகள், சக்கரத்தைச் சுழற்றச் செயின். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் அப்படிப்பட்ட வண்டியில் போனார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகியிருந்த ஊசியை எடுத்துக் குத்திச் சரிசெய்தார். மின்சாரக் கம்பி உறை தேய்ந்து தொட்டுக்கொண்டபோது காலுறையைப் பிடிக்கும் பட்டையை எடுத்துச் சுற்றினார். மரப் பிரேக் கட்டை தேய்ந்து பிடிக்காமல் போனது. செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் தோல் வாங்கி அதன்மேல் அடிக்கச் சொன்னார். இன்று நம் பிரேக் பேடுக்கு முன்னோடி அந்தத் தோல். எரிபொருள் தீர்ந்தபோது வாங்கியது வீஸ்லாக் ஊர் மருந்துக் கடையில். முதல் நீண்ட கார் பயணமே ஒரு ரிப்பேர் பயணம். அதைச் செய்தவர் ஒரு பெண், கையில் இருந்ததை வைத்துச் செய்தார். இதை நான் டீக்கடையில் சொன்ன அன்று வங்கிக்காரர் இன்னொன்று சேர்த்தார்: அதே 1888இல்தான் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த டன்லப் காற்று அடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். மகனின் மூன்று சக்கரச் சைக்கிளுக்காக வீட்டில் செய்து பார்த்தது அது.

சைக்கிளுக்கு வருகிறேன். புதிதாகச் சேர்கிறவர்கள் அதிகம் கேட்பது செயினைப் பற்றி. ‘செயின் இழுத்துக்கொண்டது’ என்கிறோம். தகடு நீள்வதில்லை. ஒவ்வொரு பின்னும் அது சுழலும் இடமும் துளித்துளியாகத் தேய்வதால் மொத்த நீளம் கூடுகிறது. இதை அளக்கத் தனிக் கருவி விற்கிறார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையில் இருக்கும் ஒரு அடி இரும்பு ஸ்கேலே போதும். சைக்கிள் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை இன்ச். அதனால் பூஜ்யத்தில் ஒரு பின்னின் நடுவை வைத்தால் 12 இன்ச்சில் சரியாக இன்னொரு பின் நடு வர வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் தாண்டியிருந்தால் செயினை மாற்றும் நேரம். மூன்று மில்லிமீட்டர் என்றால் பின்னால் இருக்கும் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும், அவற்றையும் மாற்றாமல் புதுச் செயின் ஒழுங்காக உட்காராது. நேரத்தில் செயினை மட்டும் மாற்றினால் பெரிய செலவு மிச்சம். மசாசூசெட்ஸில் சைக்கிள் கடையில் வேலை செய்த ஷெல்டன் பிரவுன் என்பவர் இதையெல்லாம் இணையத்தில் இலவசமாக எழுதி வைத்துவிட்டு 2008இல் காலமானார். இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் வந்தால் போவது அவர் எழுத்துக்குத்தான். அவருக்கு நான் பட்ட கடன் பெரிது.

பெடல் கழற்றுவதிலும் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வலது பெடல் வலம்புரி, இடது பெடல் இடம்புரி. சங்கு போல நினைவில் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே மரையாக இருந்தால் மிதிக்க மிதிக்க ஒன்று தானாகக் கழன்றுவரும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஸ்பேனரின் கைப்பிடி மேலே இருக்கும்படி மாட்டிக்கொண்டு, எந்தப் பக்கமானாலும் பின்சக்கரம் இருக்கும் திசையில் இழுத்தால் கழலும், முன்சக்கரம் இருக்கும் திசையில் தள்ளினால் இறுகும். ஹேண்டில் போல்ட்டுக்கு ஐந்து நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். கார் சக்கரத்து நட்டுக்கு நூறு சொச்சம் வேண்டும். காரில் பழகிய கையோடு சைக்கிள் போல்ட்டை இறுக்கி மரையைத் தின்றுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் கூட்டத்திலேயே நடந்தது. காருக்கு வாங்கிய பிரேக் ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று ஒருவர் சைக்கிளின் ஹைட்ராலிக் பிரேக்கில் ஊற்றிவிட்டார். அவர் சைக்கிளுக்கு வேண்டியது மினரல் ஆயில். உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் உப்பிப்போய், இரண்டு பிரேக்கையும் மாற்ற வேண்டியதாயிற்று. லீவர் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறை படித்துவிட்டு ஊற்றுங்கள்.

2023 டிசம்பருக்கு வருகிறேன். மிக்ஜாம் புயல் ஞாயிறு இரவு முழுக்கக் கொட்டியது. நாங்கள் இருப்பது வேளச்சேரி, மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. திங்கள் காலை கீழே எட்டிப் பார்த்தபோது காரின் கண்ணாடிக்குக் கீழ்ப்பாதி தண்ணீரில். என் சைக்கிள் மேலே வீட்டுக்குள் இருந்தது. மாடிப்படிக்கு அடியில் நிறுத்தியிருந்த அப்பாவின் ஹெர்குலிஸ் முழுக்க மூழ்கிவிட்டது. அப்பா திண்டிவனத்தில் பள்ளி ஆசிரியர். அந்தச் சைக்கிளில்தான் என்னைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனார். 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் அம்பத்தூர் தொழிற்சாலையில் செய்தது. அப்பா போன பிறகு நான் சென்னைக்கு எடுத்து வந்தேன்.

மின்சாரமும் சிக்னலும் இல்லை. சிக்னல் வந்ததும் முதலில் கண்ணில் பட்டது சாரின் செய்தி: “தண்ணி வடிஞ்சதும் சாவியைப் போட்டுப் பார்த்துடாதேம்மா.” அதே நேரத்தில் கீழே பக்கத்து வீட்டுக்காரர் தன் காரில் சாவியோடு உட்காரப் போனார். ஓடிப்போய்த் தடுத்தேன்.

காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. இன்ஜினின் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்து, நாம் ஸ்டார்ட் செய்தால், மேலே எழும் பிஸ்டன் தண்ணீரில் முட்டும். கனெக்டிங் ராட் வளைந்துவிடும், சில நேரம் உடைந்து இன்ஜினையே ஓட்டை போட்டுவிடும். வெள்ளத்தில் நின்ற கார் அநேகமாகப் பிழைத்துவிடும், வெள்ளம் வடிந்ததும் ஸ்டார்ட் செய்த கார்தான் போய்விடும். நாங்கள் இரண்டு பேரும் செய்தது பானெட்டைத் திறந்து பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றியது மட்டும். முதலில் நெகட்டிவ். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் தவறி காரின் உடம்பில் பட்டால் பொறி பறக்கும். நெகட்டிவ் ஏற்கெனவே கழன்றிருந்தால் ஒன்றும் ஆகாது. திரும்ப மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

கட்டி இழுத்துப் போய் ஒர்க்ஷாப்பில் பார்த்தபோது ஏர் ஃபில்டர் ஊறிக் கிடந்தது. டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் பால் கலந்த டீ போல வந்தது. தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை இரண்டு முறை மாற்றினார்கள். இன்ஜின் பிழைத்தது. சீட்டும் கம்பளமும் ஒயரிங்கும் சரியாக நான்கு வாரம் ஆயிற்று.

ஹெர்குலிஸை அப்படி ஒர்க்ஷாப்பில் விட முடியவில்லை. டிசம்பர் 17, ஞாயிறு. அன்றைக்குக் கோவளம் போகாமல் நான்கு பேர் என் வீட்டு மொட்டை மாடிக்கு வந்துவிட்டார்கள். நான் கூப்பிடவில்லை. சார் தன் கருவிப் பெட்டியைக் கேரியரில் கட்டி எடுத்து வந்திருந்தார்.

ஓவராயில் என்றால் அப்பா ஆயுத பூஜைக்கு முந்தின நாள் செய்வார். ஒவ்வொரு வருடமும். கழற்றியதை வரிசை மாறாமல் பழைய தினமணித் தாளில் பரப்பி வைப்பார். நாங்களும் அப்படியே பரப்பினோம். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, டீசல்தான். கிராங்கைத் தண்டோடு பிடிக்கும் காட்டர் பின் துருவேறி அசைய மறுத்தது. சார் நட்டைக் கழற்றி எடுக்காமல், மரை நசுங்காதபடி முனையோடு முனையாக நிறுத்தி, கிராங்குக்குக் கீழே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, சுத்தியலால் ஓங்கி ஒரே அடி. வந்துவிட்டது. “பத்து தடவை தட்டினா பின் வளையும். ஒரு தடவை அடிக்கணும், ஒழுங்கா அடிக்கணும்” என்றார். தம்பி துருப்பிடித்த பேரிங்கில் டபிள்யூ.டி.40 அடித்துவிட்டு முடிந்தது என்று எழுந்தான். அந்தப் பெயரே நீரை விரட்டும் நாற்பதாவது கலவை என்பதைக் குறிக்கிறது, 1953இல் செய்தது. ஈரத்தை விரட்டும், துருவை இளக்கும். பேரிங்குக்கு அதற்கப்புறம் கிரீஸ் வைத்தே ஆக வேண்டும்.

பால்ரஸ் எண்ணும் வேலை என் மகளுக்கு. பின்சக்கரத்தில் பக்கத்துக்கு ஒன்பது, கால் இன்ச். முன்சக்கரத்தில் பக்கத்துக்குப் பத்து, அதைவிடச் சின்னது. பின்சக்கரத்தில் அவள் எண்ணிக்கைக்குப் பதினேழுதான் வந்தது. மூன்று முறை எண்ணினாள். பதினெட்டாவது ஹப்புக்குள் சேற்றோடு ஒட்டிக் கிடந்தது, தானே விரல் விட்டுத் துழாவி எடுத்தாள். எல்லாவற்றிலும் புள்ளி விழுந்திருந்ததால் மொத்தமாகவே மாற்றினோம். ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் புதியது தேயாத பருமனோடு இருந்து எடையைத் தனியாகத் தாங்கும், சீக்கிரம் உடையும்.

அவள் அப்போது அடுத்த வருடம் பத்தாவது போக வேண்டியவள். அவளைவிடக் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு, பதினோராம் வகுப்பில், அரசுப் பள்ளிகளில் விலையில்லாச் சைக்கிள் கொடுக்கிறார்கள். அந்தச் சைக்கிளோடு ஒரு பங்சர் பெட்டியும், பள்ளி மைதானத்தில் ஒரு சனிக்கிழமை பாடமும் சேர்த்துக் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அன்றைக்குத் தோன்றியது, இன்றுவரை தோன்றிக்கொண்டே இருக்கிறது. உப்புத்தாளால் டியூபைத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டுப் பிறகு பேட்ச்சை அழுத்த வேண்டும். அந்தக் காத்திருப்பைக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

மாலை நாலு மணிக்கு முன்சக்கரத்தின் கோனைத் திருகிக்கொண்டிருந்தேன். இறுக்கினால் சக்கரம் சுற்றாது, விட்டால் ஆடும். கால் திருகு இப்படி, அரைக்கால் திருகு அப்படி. சரியாக இருக்கிறதா என்று சார் கேட்டார். அப்பா பார்க்கும் விதம் எனக்குத் தெரியும் என்றேன். சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, வால்வை ஒரு பக்கமாக, கடிகாரத்தில் மூன்று மணி இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து, கையை எடுத்தேன். வால்வின் எடை எவ்வளவு இருக்கும், சில கிராம். சக்கரம் ஒரு கணம் யோசிப்பது போல நின்றது. பிறகு தானாக நகர்ந்தது. வால்வு கீழே இறங்கி, மறுபக்கம் ஏறி, திரும்பி இறங்கி, இன்னும் கொஞ்சம் குறைவாக ஏறி, எங்கள் எல்லோர் கண்ணும் அதோடு போய் வர, கடைசியில் தரையைப் பார்த்து நின்றது.